ஒரே அறிவிப்பு, மூன்று காமிக்ஸ்: ஒரு குடும்பச் சேகரிப்பின் ஏழாண்டுக் கணக்கு

பின்னணி

நியூ ஜெர்சியில் ஒரு பழைய புத்தகக் கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். கடையின் பின்பாதி முழுக்கக் காமிக்ஸ். பள்ளி நாட்களில் முத்து காமிக்ஸுக்காகக் காசு சேர்த்தவன் என்பதால், வரவு செலவு முடிந்த பிறகும் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பேன். இங்கே எழுதுவது அந்தக் கடை வழியாக நான் கிட்ட இருந்து பார்த்த ஒரு குடும்பத்தின் கதை. விற்ற தொகைகளை டாலரில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் மடங்குகளாகவே தருகிறேன்.

2017 இலையுதிர்காலத்தில் ஓர் அக்காவும் தம்பியும் ஒன்பது நீளப் பெட்டிகளோடு கடைக்கு வந்தார்கள். ஒரு பெட்டியில் இருநூற்றுக்கு மேல் இதழ்கள் நிற்கும். எல்லாம் அந்த ஆண்டு காலமான அவர்களுடைய அண்ணன் சேர்த்தவை. 1962இல் பிறந்த அவர், காலையில் வீடு வீடாகப் பத்திரிகை போட்ட காசில் 1973 முதல் 1978 வரை வாங்கிக் குவித்திருக்கிறார். அதோடு நிறுத்திவிட்டார். பெட்டிகள் நிலவறையில் அல்லாமல் மாடி அறையில் இருந்ததால் ஈரம் தட்டவில்லை. இந்த ஊர் நிலவறைகளைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

வந்த அன்றே நான் ஒன்றை வற்புறுத்தினேன்: விற்கிறீர்களோ இல்லையோ, அண்ணன் இறந்த தேதியின் சந்தை மதிப்பைப் போட்டு ஒரு மதிப்பீட்டுத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்க வருமான வரியில், வாரிசாக வந்த பொருளுக்கு அடக்க விலை என்பது அன்றைய மதிப்புதான். அண்ணன் 20 சென்ட் கொடுத்து வாங்கியதைக் கணக்கில் வைத்தால், விற்ற தொகை மொத்தமும் லாபமாகிவிடும். சேகரிப்புப் பொருள்களின் நீண்டகால லாபத்துக்கு வரி 28 விழுக்காடு வரை போகலாம். கடைக்காரர் இரண்டு வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டார். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு மடங்குக்கும் அந்தத் தாளில் இருந்த தொகைதான் அடிப்படை.

பெட்டியில் இருந்தவை

பெரும்பாலானவை சில டாலருக்குப் போகிற இதழ்கள். கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, 'டூம் ஆஃப் டிராகுலா' (Tomb of Dracula) 10ஆம் இதழ், அட்டைத் தேதி ஜூலை 1973. பிளேடு என்ற வேட்டைக்காரன் முதலில் வருவது இதில்தான். ஒரே பிரதி. பின்னட்டையில் பதினொரு வயதுச் சிறுவன் பென்சிலால் தன் முதலெழுத்துகளைக் கிறுக்கியிருந்தான்.

இரண்டாவது, 'ஸ்பெஷல் மார்வெல் எடிஷன்' 15, டிசம்பர் 1973. ஷாங்-சி என்ற குங்ஃபூ வீரனின் முதல் தோற்றம். இதுவும் ஒரே பிரதி, நல்ல நிலையில்.

மூன்றாவது, ஜாக் கிர்பி எழுதி வரைந்த 'எடர்னல்ஸ்' முதல் இதழ், ஜூலை 1976. இதில் ஆறு பிரதிகள்! அந்த ஆண்டின் தொடக்கத்தில் 'ஹவர்ட் தி டக்' முதல் இதழைப் பலர் கட்டுக்கட்டாகப் பதுக்கி விலையேற்றிய கதை பையன்கள் நடுவில் பரவியிருந்தது. முதல் இதழ் எதுவானாலும் நாளைக்குப் பொன்னாகும் என்று பதினான்கு வயது அண்ணனும் நம்பியிருக்க வேண்டும். அப்படி நம்பியது அவர் மட்டும் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆறும் படிக்காமலே வைத்த மாதிரி இருந்தன. ஒன்றின் அட்டையில், பின் அடித்த இடத்துக்குப் பக்கத்தில், காப்பி நிறத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி பின்னால் திரும்பவும் வரும்.

நான்காவது, வுல்வரின் என்ற நாயகன் முழுமையாக அறிமுகமாகும் 'இன்கிரெடிபிள் ஹல்க்' 181, நவம்பர் 1974. பெட்டியைத் திறந்தபோது கடைக்காரரின் முகம் மலர்ந்தது. வாசகர் கடிதப் பக்கத்தைப் புரட்டியதும் வாடிப்போனது. அக்காலத்தில் மார்வெல் தன் இதழ்களில் வெட்டிச் சேர்க்கச் சொல்லி ஒரு தபால்தலை மாதிரிப் படம் அச்சிட்டது. அண்ணன் சொன்னபடி கேட்டு, கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டியிருந்தார். அந்தச் சதுர ஓட்டை ஒன்றுக்காக மதிப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. வுல்வரினுக்கு எத்தனை படம் வந்தாலும் இந்தப் பிரதியின் நிலை இதுதான் என்று கடைக்காரர் சொன்னார். அதை அப்போதே விற்றுப் பங்கிட்டுக்கொண்டார்கள். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

மற்றவற்றைப் பிரித்தபோது டிராகுலா அக்காவுக்கு, ஷாங்-சி தம்பிக்கு, எடர்னல்ஸ் ஆளுக்கு மூன்று. யாருக்கும் அவசரமில்லை. எல்லாவற்றையும் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

2019 ஜூலை 20

அன்று சனிக்கிழமை. சான் டியேகோவில் காமிக்-கான் என்ற ரசிகர் மாநாட்டு அரங்கில் மார்வெல் ஸ்டுடியோஸ் தன் அடுத்த படங்களை வரிசையாக அறிவித்தது. எடர்னல்ஸ் 2020 நவம்பரில், ஷாங்-சி 2021 பிப்ரவரியில். கடைசியில் நடிகர் மஹர்ஷலா அலி மேடையேற, பிளேடும் வரப்போகிறது என்றார்கள். அதற்கு மட்டும் தேதி சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தின் மூன்று இதழ்களும் ஒரே மாலையில் ஒரே மேடையில் பேர் பெற்றன. இந்தக் கதையை எழுதத் தோன்றியதே அதனால்தான். மூன்றுக்கும் அறிவிப்பு ஒன்று, ஆனால் பின்னால் நடந்தவை வேறு வேறு.

திங்கட்கிழமை நான் கடைக்குப் போனபோது தொலைபேசி ஓயவில்லை. கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் கடைக்குப் புதியவர்கள். கதை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. "எத்தனை பிரதி இருக்கிறது?" என்பதே கேள்வி.

அக்காவும் தம்பியும் அந்த வாரமே வந்தார்கள். இருவரின் முடிவும் வேறு. புள்ளி விழுந்த எடர்னல்ஸ் பிரதியை அக்கா அப்படியே கொடுத்துவிட்டார். மதிப்பீட்டைப் போல நான்கு மடங்கு கிடைத்தது. "இன்னும் இரண்டு இருக்கிறதே, போனால் போகட்டும்" என்பதுதான் அவர் சொன்ன காரணம். தம்பி ஒன்றையும் விற்கவில்லை. அறிவிப்புக்கே நான்கு மடங்கென்றால், கோடிக்கணக்கானோர் படத்தைப் பார்த்த பிறகு எங்கே போகும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. கடைக்காரர் மட்டும் ஒப்பாமல் லேசாகத் தலையசைத்தார். 2010இல் தொலைக்காட்சிக்கு வந்த 'வாக்கிங் டெட்' தொடரின் முதல் இதழ் ஏறியதையும் பிறகு இறங்கியதையும் பார்த்த மனிதர் அவர். ஆனால் அந்த ஏற்றம் பல ஆண்டுகள் நின்றது என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

பெருந்தொற்றுக் காலம்: கணக்கைக் குழப்பிய ஆண்டு

2020 மார்ச்சில் கடை மூடியது. ஏப்ரலில் புதிய காமிக்ஸ் விநியோகமே நாடு முழுக்க நின்றது. படங்களின் தேதிகள் தள்ளித் தள்ளிப் போயின. கடைசியில் ஷாங்-சி 2021 செப்டம்பர் 3, எடர்னல்ஸ் நவம்பர் 5 என்று நிலைத்தன.

படம் தள்ளிப்போனால் விலை இறங்கும் என்று எதிர்பார்த்தேன். தலைகீழாக நடந்தது. வீட்டில் அடைபட்ட மனிதர்கள், கையில் செலவழியாத பணம், அரசு அனுப்பிய நிவாரணக் காசோலை. காமிக்ஸ், விளையாட்டு வீரர் அட்டை, போகிமான் அட்டை எல்லாமே ஏறின. எங்கள் கடையின் இணைய விற்பனை, கடை திறந்திருந்த காலத்தை விட அதிகம்.

இந்த நிகழ்விலிருந்து பாடம் எடுப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுதான். 2021இன் உச்ச விலையில் படத்துக்கு எவ்வளவு பங்கு, பொதுவான பித்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. படமே இல்லாத இதழ்களும் அப்போது ஏறின, 2022இல் அவையும் இறங்கின. படம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

ஒரு தடயம் மட்டும் கிடைத்தது. 2021 தொடக்கத்தில் ஒருவர் எடர்னல்ஸ் முதல் இதழ் ஒன்றை விற்க வந்தார். பின் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் காப்பி நிறப் புள்ளி! அக்கா விற்ற அதே பிரதி. பேச்சுக் கொடுத்தபோது, அவர் அதை இன்னொரு விற்பனையாளரிடம் வாங்கியிருப்பது தெரிந்தது. ஒன்றரை ஆண்டில் குறைந்தது மூன்று கை மாறிவிட்டது. படிக்கவோ சேர்த்துவைக்கவோ வாங்கியவர் எவரும் அதில் இல்லை. விற்கப்போகிறவரிடம் விற்கப்போகிறவர் வாங்கிக்கொண்டிருந்தார். விலை ஏறியதைவிட இதுதான் முக்கியமான செய்தி என்று கடைக்காரர் சொன்னார். நான் அதைக் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

2021 வசந்தம்: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஏப்ரலில் ஷாங்-சி முன்னோட்டம், மே மாதம் எடர்னல்ஸ் முன்னோட்டம். இருவரும் மறுபடி வந்தார்கள்.

தம்பி தன் நான்கு இதழ்களையும் தரமிட அனுப்ப முடிவு செய்தார். தரமிடும் நிறுவனங்கள் இதழைச் சோதித்து, 0.5 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தரும். வியாபாரத்தில் அதை ஸ்லாப் என்பார்கள். 9.8 வாங்கிய எடர்னல்ஸ், உறையில் மட்டும் இருக்கும் பிரதியைப் போலப் பல மடங்கு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. தம்பியின் கணக்கு முழுக்க அந்த எண் மேல் நின்றது. கடைக்காரர் விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து, முதுகு ஓரத்தில் மெல்லிய மடிப்புக் கோடுகள் இருப்பதைக் காட்டினார். "ஒன்பதைத் தாண்டுவது சந்தேகம்" என்றார். தம்பி கேட்கவில்லை. நாங்களும் அழுத்திச் சொல்லவில்லை. அது எங்கள் பக்கத்துப் பிழை.

இன்னொரு பிழையும் உண்டு. அந்த ஆண்டு எல்லோரும் எல்லாவற்றையும் தரமிட அனுப்பினார்கள், அதனால் நிறுவனங்களில் மாதக்கணக்கில் தேக்கம். படம் நவம்பரில் என்றால் இதழ் எப்போது திரும்பி வரும், விற்க எத்தனை நாள் மிஞ்சும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். கணக்கு எழுதுகிற நானே அதைப் போடவில்லை.

அக்கா தரமிடப் போகவில்லை. அவர் வீட்டுக் கூரை ஒழுகியது, பழுது பார்க்கப் பணம் வேண்டியிருந்தது. ஜூன் முதல் வாரத்தில் மிச்சமிருந்த இரண்டு எடர்னல்ஸ் பிரதிகளையும் உறையோடு விற்றார். ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டைப் போல ஏழு மடங்கு. இணையச் சந்தையின் கட்டணம் சுமார் 13 விழுக்காடு போக, அனுப்பும் செலவும் போக, கைக்கு வந்தது ஆறு மடங்குக்குச் சற்றே கூடுதல். இதை அவருடைய சாமர்த்தியமாக எழுதினால் அவரே சிரிப்பார். கூரைதான் தேதி குறித்தது.

டிராகுலா இதழுக்கும் அதே வாரம் ஒருவர் நான்கரை மடங்கு கொடுக்க முன்வந்தார். அக்கா கொடுக்கவில்லை. பின்னட்டையில் இருந்த பென்சில் எழுத்துகளைக் காட்டி, "இதை எப்படிக் கொடுப்பது?" என்று மட்டும் கேட்டார்.

படங்கள் வந்தன

ஷாங்-சி செப்டம்பரில் வந்து நன்றாக ஓடியது. விமர்சகர்களும் பாராட்டினார்கள், உலக வசூல் 43 கோடி டாலருக்கு மேல். அவன் முதலில் தோன்றிய இதழின் விலை எங்கள் கடையில் உச்சம் தொட்டது ஆகஸ்டில், அதாவது படம் வருவதற்கு முந்தைய வாரங்களில். படம் வெற்றி என்று தெரிந்த பிறகு ஏறவில்லை. அக்டோபரிலேயே விற்க வருபவர்கள் வாங்க வருபவர்களை விட அதிகம்.

எடர்னல்ஸ் நவம்பரில் வந்தது. மார்வெல் ஸ்டுடியோஸ் படங்களிலேயே விமர்சகர்களிடம் அதுவரை மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியது. ஆனாலும் வசூல் 40 கோடி டாலர், ஷாங்-சியை விடக் கொஞ்சம்தான் குறைவு. விலையோ சரிந்தது. எத்தனையோ வீடுகளில் 1976இல் பதுக்கிய கட்டுகள் நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பின் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. எங்கள் கடைக்கே அந்த மாதம் பதினொரு பிரதிகள் வந்தன.

நல்ல படமோ சுமாரான படமோ, வெளியீட்டுக்குப் பிறகு இரண்டு இதழும் இறங்கின. எனக்குப் புரிந்தவரை, வாங்கியவர்கள் விலை கொடுத்தது படத்துக்கு அல்ல, படம் வரப்போகிறது என்பதற்கு. வந்தபின் அதற்கு மேல் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. திரையரங்கிலிருந்து வெளியே வந்தவர்களில் எவரும் நேராக ஐம்பதாண்டுப் பழைய இதழைத் தேடி எங்கள் கடைக்கு வந்ததாக நினைவில்லை.

தம்பியின் பேழைகள் 2022 ஜனவரியில்தான் திரும்பின. எடர்னல்ஸ் மூன்றும் 9.2, 9.0, 8.5. ஷாங்-சி 8.0.

விளைவு

தம்பி மேலும் ஓராண்டு காத்திருந்தார். இறங்கியது திரும்ப ஏறும் என்ற நம்பிக்கை. 2023 மார்ச்சில் நான்கையும் விற்றார். எடர்னல்ஸ் மூன்றும் சராசரியாக மூன்று மடங்கு. தரமிட்ட கட்டணம், காப்பீட்டோடு அனுப்பிய செலவு, சந்தைக் கட்டணம் எல்லாம் போக நின்றது ஒன்றரை மடங்குக்குப் பக்கம். அக்கா உறையோடு விற்றதில் கால்பங்குதான். ஷாங்-சி இதழ் இரண்டு மடங்கு. 2021 ஆகஸ்டில் அதே நிலையில் இருந்த வேறொரு பிரதியைக் கடை ஆறு மடங்குக்கு விற்றது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை, எப்படியோ அவருக்கும் தெரிந்திருந்தது.

நஷ்டம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணன் இறந்த அன்றைய மதிப்பை விட எல்லாமே கூடுதலாகத்தான் போயின. வரி விஷயத்தில் 2017ஆம் ஆண்டுத் தாள் இருவருக்கும் கைகொடுத்தது. இந்தக் கதையில் நான் நிம்மதியாக நினைத்துப் பார்க்கும் ஒரே வேலை அந்தத் தாள்தான்.

பிளேடு படம் பலமுறை தள்ளிப்போய், 2024 அக்டோபரில் வெளியீட்டு அட்டவணையிலிருந்தே எடுக்கப்பட்டது. அக்காவின் டிராகுலா இதழ் இன்று மதிப்பீட்டைப் போல இரண்டு மடங்கு போகும் என்கிறார் கடைக்காரர். அறிவித்த படமே வராத இதழும், படம் வந்து ஜெயித்த இதழும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. பிளேடுக்கு 1998லேயே படம் வந்து, அவனை விரும்புகிற கூட்டம் ஏற்கெனவே இருந்தது ஒரு காரணம். திகில் காமிக்ஸ் சேர்ப்பவர்கள் படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தத் தொடரை வாங்குகிறார்கள் என்பது இன்னொன்று.

மறுபடி வந்தால் என்ன மாற்றுவோம்

கடைக்காரரும் நானும் உட்கார்ந்து பேசியபோது முதலில் வந்தது பிரதிகளின் எண்ணிக்கை. ஒருவரிடமே ஆறு இருந்தால் ஊரில் எத்தனை இருக்கும் என்று 2017லேயே கேட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட இதழை அறிவிப்பு வந்த வாரம் ஒன்று, முன்னோட்டம் வந்த வாரம் ஒன்று என்று பிரித்து விற்கச் சொல்லியிருப்போம். வெளியீட்டு மாதத்துக்கு எதையும் மிச்சம் வைக்கச் சொல்லியிருக்க மாட்டோம்.

தரமிடுவதை இப்போது வேறு விதமாகப் பார்க்கிறோம். திரும்பி வரும் தேதி உறுதியில்லை என்றால், விலை சூடாக இருக்கும் இதழை அனுப்புவதில்லை. கடைக்காரர் கண்ணுக்கு 9.4 கூடத் தேறாத எழுபதுகளின் இதழை, அது ஹல்க் 181 போல மிகப் பெரியதாக இல்லாவிட்டால், உறையோடே விற்கச் சொல்கிறோம். சொல்வதைத் தாளில் எழுதியும் கொடுக்கிறோம். வாய்ப்பேச்சு தம்பி விஷயத்தில் போதவில்லை.

படம் என்ற ஒரே காரணத்துக்காக ஏறுகிற இதழா, வேறு காரணமும் இருக்கிறதா என்று கேட்கவும் பழகியிருக்கிறோம். இதற்கு எண் கிடையாது. அறிவிப்புக்குச் சில ஆண்டுகள் முன் அதைக் கேட்டு எத்தனை பேர் வந்தார்கள் என்று விற்பனைப் பதிவேட்டைப் புரட்டுகிறோம். எடர்னல்ஸுக்கு 2016 முழுவதிலும் இரண்டு பேர்.

புள்ளி விழுந்த அந்தப் பிரதி 2023இல் மூன்றாம் முறையாக விற்பனைக்குக் கடைக்கு வந்தது. இந்த முறை கடையே வாங்கிக்கொண்டது. கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை, அகர வரிசையில் 'எ' பெட்டியில் மற்றவற்றோடு நிற்கிறது.

2024 ஜூலை 27, அதுவும் சனிக்கிழமை, அதே சான் டியேகோ மேடை. ராபர்ட் டவுனி ஜூனியர் டாக்டர் டூம் என்ற வில்லனாக வரப்போகிறார் என்று அறிவித்தார்கள். அன்றிரவே தம்பி என்னைக் கூப்பிட்டார். டூம் முதலில் தோன்றிய 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 5ஆம் இதழ் வந்தது 1962இல். அந்த ஆண்டில்தான் அண்ணனே பிறந்தார். பெட்டியில் அது இருக்க வழியில்லை. ஆனால் டூம் நடத்துகிற 'சூப்பர்-வில்லன் டீம்-அப்' முதல் இதழ், 1975இல் வந்தது, தம்பியின் பங்கில் ஒரு பிரதி இருந்தது. "எவ்வளவு போகும்?" என்று கேட்கவில்லை, "நாளைக்குக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை இரண்டரை மடங்குக்கு விற்றது. படத்தின் தேதி அப்போது 2026 மே. பிறகு அதை டிசம்பருக்குத் தள்ளிவிட்டார்கள்.